கனடா சூப்பர் விசா: இன்சூரன்ஸில் தொடக்கத் தேதியைக் கவனியுங்கள்

அப்பா அம்மாவுக்குக் கனடா சூப்பர் விசா (பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்குவதற்கான விசா) போடுகிறவர்கள், தொடக்கத் தேதியை மாற்ற முடிகிற, விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பத் தருகிற மருத்துவ இன்சூரன்ஸாகப் பார்த்து, தவணை முறையில் எடுங்கள். இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். இந்த விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலர் காப்பீடு கட்டாயம்; அது கனடாவுக்குள் நுழையும் நாளிலிருந்து ஓராண்டு செல்ல வேண்டும். வெறும் கொட்டேஷன் செல்லாது. முன்பணம் கட்டித் தவணையில் எடுத்த பாலிசி செல்லும். விசா வரத் தாமதமானால் பாலிசி பாட்டுக்கு ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் இறங்கும் நாளில் ஓராண்டு முழுதாக மிஞ்சாது. டிக்கெட் போட்டதுமே தேதியைத் தள்ளி, புதிய பாலிசியை அச்செடுத்து அம்மாவின் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று. பல பாலிசிகளில், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 90 அல்லது 180 நாளில் மருந்தோ அளவோ மாறியிருந்தால் அந்த நோய்க்கான செலவு கிடைக்காது. மலிவு பிரீமியம் பெரும்பாலும் இங்கேதான் கடிக்கும்.

ஏற்கெனவே சாதாரண விசிட்டர் விசா இருந்து, ஆறு மாதத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. அவர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமும் இல்லை, எடுப்பது நல்லது.