குமரி ரோட்டுக்கு எல்.இ.டி. ஃபாக் லைட்: சட்டத்துக்குள் நிற்கும் விளக்கை வாங்குவதும் பொருத்துவதும்

ஃபாக் லைட் வாங்கப் போனால் கடையில் முதலில் வாட்ஸ் கணக்கு சொல்வார்கள், அடுத்து லூமன் (வெளிச்சத்தின் அளவு) கணக்கு. இரண்டையும் கேட்டுக்கொண்டு, விளக்கை ஒரு பேட்டரியில் இணைத்து எதிர்ச்சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒளியின் மேல் விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல் கிடைக்கோடாக நின்று, அதற்கு மேலே சுவர் இருட்டாக இருந்தால் அது ஃபாக் லைட். வட்டமாகப் பரவிக் கூரை வரை ஏறினால், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது ரோட்டுக்கு ஆகாது.

அந்தக் கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. மழைத்துளியும் மூடுபனியும் தங்கள் மேல் விழும் ஒளியை ஓட்டுபவர் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். மேலே போகும் ஒளி கூடக் கூட முன்னால் வெள்ளைத் திரை தடிக்கும். ஹைபீம் போட்டால் பனியில் ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான். ஃபாக் லைட் பம்பரின் கீழ்ப்பகுதியில் தாழ்வாக இருந்து, அகலமாக, தரையை ஒட்டி அடிப்பதால் ரோட்டின் இரு ஓரமும் தெரியும். தூரத்தைக் காட்டுவது அதன் வேலை இல்லை. தூரம் தெரியவில்லையே என்று விளக்கை மேலே தூக்கி வைப்பவர்கள்தான் எதிரே வருபவரைக் குருடாக்குகிறார்கள்.

நம் மாவட்டத்தில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. கீரிப்பாறை, பாலமோர் பக்கம் தோட்டப் பகுதிகளில் விடியற்காலையில் மேகம் ரோட்டிலேயே இறங்கி நிற்கும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ரோடுகள் ஏறி இறங்கி வளைந்து போகிறவை. ஏற்றத்தின் உச்சியில் உங்கள் வண்டி மூக்கைத் தூக்கும்போது, சரியாக வைத்த விளக்குகூட மறுபக்கம் ஏறி வருபவர் முகத்தில் ஒரு நொடி அடிக்கும். தப்பாக வைத்தது முழு நேரமும் அடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, முன் விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்காதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கணக்கில் வைத்து எழுதிய விதி அது. 111-வது விதி ஸ்பாட் லைட், சர்ச் லைட் ஆகியவற்றை முன்பக்கம் வைக்கக்கூடாது என்கிறது. விதிவிலக்கான சூழ்நிலையில், பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு மட்டுமே வைக்கலாம். ஜீப்புகளின் கூரையில் நீளமாக வைக்கும் எல்.இ.டி. பாருக்கு இங்கேயே விடை வந்துவிட்டது. முன்பக்கம் சிவப்பு ஒளி காட்டக்கூடாது. மினுக்கும் நீலம், சிவப்பு எல்லாம் அவசர ஊர்திகளுக்கு உரியவை. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எல்லாம் மத்தியச் சட்டம் என்பதால் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் கணக்கு இதுதான்.

ஆகவே மிகப் பாதுகாப்பான வழி, உங்கள் வண்டியின் உயர்ந்த மாடலுக்குக் கம்பெனி தரும் ஃபாக் லைட் கிட்டையே வாங்கிப் பம்பரில் அதற்கென்று விட்டிருக்கும் குழியில் பொருத்துவது. சில வண்டிகளில் கப்ளர்கூட (வயரை இணைக்கும் செருகி) பம்பருக்குப் பின்னால் தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கும். பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் வெளிக்கிட்டுக்கு, அதாவது வேறு கம்பெனியின் கிட்டுக்கு, பணம் கொடுக்காதீர்கள்.

கண்ணாடியில் என்ன எழுதியிருக்கிறது

வெளிக்கிட் வாங்குவதென்றால் விளக்கின் கண்ணாடியில் அல்லது உடம்பில் வார்த்திருக்கும் குறியைப் படியுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் அது ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை; எண் எந்த நாடு ஒப்புதல் தந்தது என்பதைக் காட்டும். அதன் அருகில் 'பி' அல்லது 'எஃப்3' என்றிருந்தால் முன் ஃபாக் லைட். அமெரிக்க முறையில் 'எஸ்ஏஇ எஃப்' என்றிருக்கும். 'எஸ்ஏஇ ஒய்' என்றால் அது டிரைவிங் லைட், ஹைபீமுக்குத் துணை. அதை ஃபாக் லைட்டாகப் போட்டால் 106-வது விதியோடு மோதும். முத்திரை பெட்டியில் மட்டும் இருந்து விளக்கில் இல்லையென்றால், அல்லது ஒப்புதல் எண் இல்லாமல் வெறும் 'ஈ' மட்டும் நின்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

லூமன் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு போதும். வாகன எல்.இ.டி. விளக்கு ஒன்று வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தந்தாலே நல்லது. 20 வாட்ஸ் விளக்குக்கு 2000 லூமன் நம்பலாம். 20,000 என்று எழுதியிருந்தால் பூஜ்ஜியம் ஒன்று கூட விழுந்திருக்கிறது. அதிக வெளிச்சம் இருந்தாலும் ஆபத்துதான்: வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று இருந்தால் கண்பாவை சுருங்கி, அதற்கப்பால் இருட்டு இன்னும் கருப்பாகும். நனைந்த தார் ரோடு கண்ணாடிபோல் அந்த ஒளியை எதிரே வருபவருக்கு எறியும்.

மஞ்சளா வெள்ளையா என்று கேட்டால் இரண்டுமே சட்டத்துக்கு உட்பட்டவை. மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது பழைய நம்பிக்கை. பனித்துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். ஆனால் நீலம் குறைந்த ஒளி கண்ணுக்குக் கூச்சம் குறைவு. அதனால் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் மழைநாளில் அலுப்புத் தராது. 6500 கெல்வின் நீலவெள்ளை வேண்டாம்.

பல்பை மட்டும் மாற்றுவது

இதுதான் அதிகம் நடக்கும் தப்பு. ஹாலஜன் ஃபாக் லைட்டின் பிரதிபலிப்பான், இழை இருக்கும் இடத்தையும் அளவையும் மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடித்தது. எல்.இ.டி. பல்பில் ஒளி வருவது இரு பக்கத் தகடுகளிலிருந்து. இடம் கொஞ்சம் மாறினாலே அந்த நேர்கோடு கரைந்து ஒளி மேலே வழியும். அந்த விளக்குக்குக் கிடைத்த ஒப்புதலும் அதோடு போச்சு. ஹாலஜனிலேயே இன்னொரு வம்பு, பல்ப் வகைகளில்: எச்8 35 வாட்ஸ், எச்11 55 வாட்ஸ், எச்16 19 வாட்ஸ். மூன்றின் அடிப்பாகமும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால், காதைச் சீவிவிட்டு எச்16 இடத்தில் எச்11-ஐச் செருகிவிடுவார்கள். சில வாரத்தில் பிளாஸ்டிக் கூடு உருகும், ஹோல்டர் கருகும்.

எங்கே, எப்படிப் பொருத்துவது

இரண்டு விளக்கு மட்டும், ஒரே உயரத்தில். காரில் விளக்கின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், மேல் விளிம்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டாமலும், டிப் லைட்டுக்கு (தாழ்ந்து அடிக்கும் ஹெட்லைட்) மேலே போகாமலும் இருக்க வேண்டும். வண்டியின் வெளி ஓரத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அகலம் சரியாகத் தெரியும். பைக்கில் லெக் கார்டில் கிளாம்ப் போடுவது வழக்கம். குழியில் விழுந்து எழும்போது கிளாம்ப் குழாயைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, விளக்கு வானத்தைப் பார்க்கும். உள்ளே ஒரு துண்டு டியூப் ரப்பர் வைத்து, நைலான் வளையம் உள்ள நட்டுப் போட்டு இறுக்குங்கள். பிறகு கிளாம்பும் குழாயும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு நெயில் பாலிஷ் கோடு. கோடு உடைந்திருந்தால் விளக்கு நகர்ந்திருக்கிறது. டார்ச்சே வேண்டாம், நடந்து போகும்போதே தெரியும்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வண்டி நிற்குமென்றால் உப்புக்காற்றை மறக்காதீர்கள். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாகத் தொட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். நடுவில் நைலான் வாஷரும் போல்ட்டில் கொஞ்சம் கிரீஸும் போதும். ஐபி67-க்கு (தூசும் நீரும் புகாத தரம்) குறைந்த விளக்கு இங்கே ஒரு மழைக்காலம் தாண்டாது.

வயரிங்

20 வாட்ஸ் விளக்கு இரண்டு என்றால் 40 வாட்ஸ், 12 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், 7.5 ஆம்பியர் ஃபியூஸ், நாலு கால் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 என்று எண் போட்ட காலுக்கு. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். 87 விளக்குக்கு. 85 எர்த். 86 சுவிட்ச் வழியாகப் பார்க்கிங் லைட் வயருக்கு. பார்க்கிங் லைட்டை அணைத்தால் ஃபாக் லைட்டும் தானாக அணையும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்காது. டிரைவிங் லைட் என்றால் 86 ஹைபீம் வயருக்குப் போக வேண்டும். டிப் போட்ட உடனே அணைந்தே ஆக வேண்டும். நம் ரோடுகளில் எதிரே வண்டி வராத நேரம் எவ்வளவு? அதற்குச் செலவழிப்பது வீண்.

வயர் தோலைக் கிழித்து முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஈரத்தில் ஓராண்டுகூடத் தாங்காது. செம்பில் பச்சைக் களிம்பு ஏறி, மழை பெய்தால் மட்டும் விளக்கு மினுங்கும். ஹீட் ஷ்ரிங்க் டியூப், ரப்பர் சீல் உள்ள கப்ளர் இரண்டுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். புது கார்களில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வயரிலும் ஓடும் கரண்டைக் கணக்குப் பார்க்கும்; வயரை வெட்டினால் வாரண்டியில் பேச்சு வரும். சின்ன பைக்குகளுக்கு 10 வாட்ஸ் இரண்டுக்கு மேல் வேண்டாம். 4 ஆம்பியர்-அவர் பேட்டரி எஞ்சின் ஓடாமல் இரண்டு மணி நேரத்திலேயே படுத்துவிடும்.

குறி வைப்பது

சமதளமும் ஒரு சுவரும் வேண்டும். விளவங்கோடு பக்கம் வீட்டு முற்றம் சமதளமாக இருப்பது அபூர்வம். கல்யாண மண்டபத்து வண்டி நிறுத்துமிடம் பாருங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஆள் உட்காரட்டும், பின்னால் சாதாரணமாக ஏற்றும் சுமையும் இருக்கட்டும். சுவரிலிருந்து 5 மீட்டரில் நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். ஒளியின் மேல் கோடு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கு 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கோடு ரோட்டைத் தொடுவது 25 மீட்டரில். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டே கால் நொடிப் பயணம். பனியில் ஃபாக் லைட்டை நம்பி அதற்கு மேல் போகக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மழையோ பனியோ நின்றதும் அணைத்துவிடுங்கள். பருவமழை முடிந்ததும் கப்ளர்களைக் கழற்றிப் பச்சை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், கண்ணாடிக்குள் நீர் தேங்கியிருந்தால் அந்த விளக்கை மாற்றுங்கள். லேசான ஆவி மட்டும் படிந்து, ஓட்டியதும் மறைந்தால் பயமில்லை.