கோல்ஃப் தெரியாதவர்கள் மேஜர் போட்டியின் சனி, ஞாயிறு ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி?

மூணாறு, தேவிகுளம் பக்கத்து ஆட்களுக்கு கோல்ஃப் புல் புதிதல்ல. டவுனில் ஹைரேஞ்ச் கிளப்பின் மைதானம் இருக்கிறது. குண்டளைப் பக்கம் போனால் இன்னொன்று. துரைமார் காலத்திலிருந்து அவை அங்கேயேதான் இருக்கின்றன, நாமும் வேலிக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் அந்த ஆட்டத்தை உட்கார்ந்து ரசிக்க யாரும் சொல்லித் தரவில்லை. டிவியில் வந்தால், "ஒருத்தன் நடக்குறான், ஒருத்தன் நிக்குறான், பந்து எங்கன்னே தெரியல" என்று சேனலை மாற்றிவிடுவோம்.

பந்தைத் தேடிக்கொண்டிருந்தால் யாருக்குமே சலித்துவிடும். கடைசி நாளில் கண் வைக்க வேண்டியது இரண்டு எண்களின் மேல்: முன்னால் இருப்பவருக்கும் துரத்துபவருக்கும் நடுவில் எத்தனை அடி (தூரக் கணக்கு அல்ல, மட்டையால் அடிக்கும் அடி) வித்தியாசம், இன்னும் எத்தனை குழி மிச்சம். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

படி 1: நம் தூக்கத்துக்கு ஒத்துவரும் போட்டியைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்கள் கோல்ஃபில் வருடத்துக்கு நான்கு மேஜர்கள், அதாவது மிகப் பெரிய போட்டிகள். ஏப்ரலில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யுஎஸ் ஓப்பன், ஜூலையில் தி ஓப்பன். முதல் மூன்றும் பொதுவாக அமெரிக்காவில், கடைசி பிரிட்டன் பக்கம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் தி ஓப்பனில் தொடங்குவது நல்லது. கோடையில் பிரிட்டன் நேரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே மதியம் இரண்டரைக்கு முன்னணி வீரர்கள் இறங்கினால் இங்கே ஞாயிறு இரவு 7 மணி. பதினொன்று, பதினொன்றரைக்குள் முடிந்துவிடும். ஒரே தொல்லை, அது நமக்கு அடைமழைக் காலம். காற்றுக்கு ஒரு மரம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். மதியமே போனுக்கு சார்ஜ் போட்டு வையுங்கள்.

மாஸ்டர்ஸ் அழகு அதிகம், ஆனால் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். கடைசி ஜோடி ஆடத் தொடங்கும்போதே இங்கே நள்ளிரவு. கோப்பை யாருக்கு என்று தெரிய திங்கள் விடிகாலை நாலரை ஆகிவிடும். காலையில் எஸ்டேட்டில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் அலாரம் வைத்து, கடைசி ஒன்பது குழிகளுக்கு மட்டும் எழுந்தால் போதும்: ஏறக்குறைய இரண்டு மணிக்கு. யுஎஸ் ஓப்பன் கலிஃபோர்னியாவில் நடக்கும் வருடம் மட்டும் வேறு கணக்கு. முடிவு திங்கள் காலை கட்டன் சாயா நேரத்தில் வரும்.

எந்தச் சேனல், எந்த ஆப் என்பது அடிக்கடி மாறுகிறது. அந்த வாரம் புதன்கிழமை தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டியின் அதிகாரபூர்வ தளத்தில் ஸ்கோர் பலகையை இலவசமாகப் பார்க்கலாம்.

படி 2: சனிக்கிழமை பலகையைப் படிக்கப் பழகுங்கள்

ஆட்டம் வியாழன் முதல் ஞாயிறு வரை. ஒரு நாளைக்கு 18 குழி, மொத்தம் 72. முதல் இரண்டு நாள் முடிந்ததும் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாஸ்டர்ஸில் முதல் 50 இடம், யுஎஸ் ஓப்பனில் 60, மற்ற இரண்டிலும் 70. அந்தக் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொள்பவர்களும் உள்ளே. அதனால்தான் சனிக்கிழமை வந்து சேர்ந்தாலும் நமக்கு நஷ்டமில்லை.

ஒவ்வொரு குழிக்கும் 'பார்' என்று ஒரு எண் உண்டு: 3, 4 அல்லது 5. நல்ல ஆட்டக்காரர் அத்தனை அடியில் முடிப்பார் என்பது கணக்கு. ஒன்று குறைத்து முடித்தால் பேர்டி, இரண்டு குறைத்தால் ஈகிள். ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. பலகையில் இருப்பது அதுவரை ஆடிய எல்லாக் குழிகளையும் சேர்த்த வித்தியாசம். கழித்தல் குறி போட்ட எண்தான் நல்லது. மைனஸ் 11 எடுத்தவர் மைனஸ் 8 எடுத்தவரைவிட முன்னால். ரன் கூடக்கூட சந்தோஷப்பட்ட கிரிக்கெட் கண்ணுக்கு இது கொஞ்ச நேரம் இடிக்கும். ஆங்கில 'ஈ' எழுத்து இருந்தால் சரிசமம். பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் எண் இன்று எத்தனை குழி முடிந்தது என்று சொல்கிறது. அங்கே 'எஃப்' வந்தால் அவர் ஆடி முடித்துவிட்டார்.

இவ்வளவுதான் பாடம். மட்டைகளின் பெயரெல்லாம் இப்போது வேண்டாம்.

படி 3: எல்லாரையும் பார்க்காதீர்கள்

சனி, ஞாயிறில் இரண்டிரண்டு பேராக இறக்குவார்கள். பின்தங்கியவர்கள் முதலில், முன்னணியில் இருப்பவர்கள் கடைசியில். மழை மிரட்டினால் மட்டும் மூன்று மூன்றாகப் பிரிப்பார்கள். டைகர் வுட்ஸ் தன் 15-வது மேஜரை வென்ற 2019 மாஸ்டர்ஸின் கடைசி நாள் அப்படித்தான் நடந்தது.

கடைசி மூன்று ஜோடிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களோடு, நாலைந்து அடி பின்னால் இருந்து சீக்கிரமே இறங்கும் ஒருவரையும் சேருங்கள். அவர் நன்றாக ஆடி முடித்துவிட்டால், ஒரு எண்ணைப் பலகையில் ஆணியடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இனி எதுவும் கெட முடியாது. வெளியே ஆடுபவர்களுக்கோ ஒவ்வொரு அடியும் கெட வழி.

படி 4: இடைவெளியையும் மிச்சக் குழிகளையும் சேர்த்துப் பாருங்கள்

இதுதான் ஞாயிற்றுக்கிழமையின் உயிர். ஒருவர் மூன்று அடி முன்னால் இருக்கிறார் என்றால் அது பெரிதா சின்னதா? பத்து குழி மிச்சம் இருந்தால் சின்னது, இரண்டு இருந்தால் பெரிது. ஒரே ஜோடியில் ஆடும்போது ஒருவர் பேர்டி, மற்றவர் போகி என்றால் ஒரே குழியில் இரண்டு அடி நகர்ந்துவிடும். மிச்சக் குழிகளில் பாதியைவிட இடைவெளி குறைவாக இருந்தால் ஆட்டம் முடியவில்லை என்று நான் வைத்துக்கொள்வேன்.

பெரிய இடைவெளியும் கவிழ்ந்த நாட்கள் உண்டு, அவைதான் பேசப்படும் நாட்கள். 1996 மாஸ்டர்ஸில் கிரெக் நார்மன் ஆறு அடி முன்னிலையோடு ஞாயிற்றுக்கிழமை இறங்கினார். கூடவே ஆடியவர் நிக் ஃபால்டோ. அன்றைய 18 குழிகளுக்கும் சேர்த்து நார்மன் 78 அடித்தார், ஃபால்டோ 67. ஆறு அடி முன்னிலை ஐந்து அடித் தோல்வியானது. 2016-இல் அதே மைதானத்தில் ஜோர்டன் ஸ்பீத் ஒன்பது குழி மிச்சம் இருக்கையில் ஐந்து அடி முன்னால் இருந்தார். 10, 11 இரண்டிலும் போகி. 12-வது குழியில் இரண்டு பந்துகள் தண்ணீருக்குள் போயின. பார் 3 குழிக்கு 7 அடி. முன்னால் ஆடிக்கொண்டிருந்த டேனி வில்லெட் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

இப்படி ஒரு ஆட்டத்தை என்னோடு பார்த்த சித்தி மகன் கேட்டான்: "அண்ணே, ஜெயிக்கிற நிலைமையில இருக்கிறவன் எதுக்கு இப்படிப் பயந்து அடிக்கிறான்?" நல்ல கேள்வி. துரத்துபவருக்கு ஒரே வழி, அடித்துப் பார்ப்பது. முன்னால் இருப்பவர்தான் ஒவ்வொரு அடிக்கும் தீர்மானம் எடுக்க வேண்டும்: பாதுகாப்பா, பாய்ச்சலா? மட்டையைக் கையில் எடுத்து, பை தூக்கிவரும் கேடியோடு பேசி, திரும்பப் பையில் வைத்து வேறொன்றை எடுக்கிறார் பாருங்கள், அந்த இடத்தில் போனை நோண்டாதீர்கள். நம் ஆட்கள் 'சும்மா நிக்குறான்' என்று சேனலை மாற்றுவது சரியாக அங்கேதான்.

படி 5: அந்த மைதானத்தின் ஆபத்தான குழிகளைத் தெரிந்துவையுங்கள்

பதினெட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், நாலு போதும். மாஸ்டர்ஸ் எப்போதும் ஜார்ஜியாவின் அகஸ்டா மைதானத்தில்தான் நடக்கும். அதனால் ஒருமுறை தெரிந்துகொண்டால் வருடா வருடம் உதவும். 12-வது குழிக்கு 155 கஜ தூரம்தான், ஆனால் முன்னால் ஓடை, பின்னால் பங்கர் என்கிற மணல் பள்ளம், காற்று எந்தப் பக்கம் என்று ஆடுபவருக்கே தெரியாது. 13-உம் 15-உம் பார் 5. துணிந்து இரண்டாவது அடியிலேயே கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், ஏற்றினால் ஈகிள் வரலாம், தவறினால் தண்ணீர். 16 பார் 3. ஞாயிறன்று கொடிக்கம்பை வழக்கமாக இடதுபுறப் பள்ளத்தில் நடுவார்கள், வலதுபக்கச் சரிவில் விழுந்த பந்து மெதுவாக அங்கே இறங்கிவரும்.

2025-இல் ரோரி மெக்கில்ராய்க்கு வெற்றி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது, 13-வது குழியில் ஒரு சின்ன அடி ஓடைக்குள் போனது. டபுள் போகி. 15, 17 இரண்டிலும் பேர்டி எடுத்து மீண்டார், 18-இல் மறுபடி போகி. அன்று 66 அடித்த ஜஸ்டின் ரோஸோடு மைனஸ் 11-இல் சமம். கூடுதல் ஆட்டத்தின் முதல் குழியில் பேர்டி எடுத்து வென்றார். நான்கு மேஜர்களையும் வென்ற ஆறாவது வீரர் அவர். அன்றைய கடைசி ஒன்பது குழிகளின் காணொளி கிடைத்தால், நேரடி ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சிக்கு அதையே பாருங்கள்.

தி ஓப்பன் வருடம் ஒரு மைதானமாக மாறும், எல்லாம் கடற்கரை மணல்மேட்டு மைதானங்கள். அங்கே எதிரி காற்றும், ஆள் மறையும் ஆழத்துக்குக் கூட இருக்கும் பங்கர் குழிகளும். காலையில் ஆடியவருக்கும் மாலையில் ஆடியவருக்கும் ஒரே மைதானம் வேறு வேறாக இருக்கும்.

கிரீனில் பந்து எந்தப் பக்கம் வளையும் என்று ஊகிக்க, அங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். தேயிலைச் சரிவில் நடந்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 6: பார்க்கும்போது சின்ன ஒழுங்குகள்

வீடியோவைவிட ஸ்கோர் பலகை சில நேரம் முந்திக்கொள்ளும். கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடக் குனியும்போதே பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்த்து "உள்ள போயிடுச்சு" என்று சொன்னால் சண்டை வரும். ஒன்றைப் பார்க்கும்போது மற்றதைக் கவிழ்த்து வையுங்கள்.

சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். அகஸ்டாவில் பார்வையாளர்கள் செல்போன் கொண்டுபோக அனுமதியில்லை. பலகையில் எண்ணைக் கையால்தான் மாற்றுகிறார்கள். தூரத்தில் எழும் கூச்சல்தான் மற்ற ஜோடிகளுக்குச் செய்தி. அந்தக் கூச்சல் கேட்ட பிறகு ஆடுபவரின் முகத்தைக் கவனியுங்கள்.

படி 7: சமமாக முடிந்தால்

மாஸ்டர்ஸில் ஒவ்வொரு குழியாக, யார் முந்துகிறாரோ அவர் வெற்றி. யுஎஸ் ஓப்பனில் இரண்டு குழி கூட்டுக்கணக்கு, பிஜிஏவிலும் தி ஓப்பனிலும் மூன்று. அதிலும் சமம் என்றால் அப்புறம் ஒவ்வொரு குழியாக. 1999-இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில் தி ஓப்பனின் விதி நான்கு குழி. ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு மூன்று அடி முன்னிலையோடு வந்து, ஓடையில் மாட்டி 7 அடித்தார், முன்னிலை போய்ச் சமமானது. அந்த நாலு குழிகளில் வென்றது, காலையில் பத்து அடி பின்னால் இருந்த பால் லாரி.

படி 8: கடைசிப் பந்து விழுந்ததும் அணைக்காதீர்கள்

ஒவ்வொருவரின் ஸ்கோரையும் கூட ஆடுபவர்தான் அட்டையில் எழுதுவார். ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17-வது குழியை 3 அடியில் முடித்தார். அட்டையில் 4 என்று விழுந்திருந்தது. அவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆடியதைவிட அதிகமாக எழுதியிருந்தால் எழுதியதுதான் செல்லும் என்பது விதி. 65 அடித்தவருக்கு 66 கணக்கானது. பாப் கோல்பியோடு சமமாகி கூடுதல் ஆட்டத்துக்குப் போக வேண்டியவர் ஒரு அடியில் தோற்றார். அன்று அவருக்குப் பிறந்தநாள் வேறு. இன்று எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகிறது என்றாலும் அட்டையும் கையெழுத்தும் போகவில்லை. வென்றவர் கையெழுத்துப் போடும் அறைக்குள் போய் வெளியே வரும்வரை ரிமோட்டைத் தொட வேண்டாம்.