கனடாவுக்குப் புதுசா வந்தாக்கள் பெட்றூம் சாமான் வாங்க முந்தி இதை ஒருக்கா வாசியுங்கோ

போன மாசம் அக்காவின்ர மகள் புருசனோட ரொறன்ரோ ஸ்காபுறோவில வந்து இறங்கி ஒரு கிழமை ஆகேல்ல, போனில சந்தோசமாச் சொல்லுறாள், “மாமா, ஒரு கடையில பெட்றூம் செற் முழுக்கத் தாறாங்களாம், ஒரு வருசத்துக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லையாம், சனிக்கிழமை போய்க் கையெழுத்து வைக்கப்போறம்” எண்டு. எனக்கு நெஞ்சு ஒருக்கா இடிச்சுது. அண்டைக்கு வேலை முடிய நேர அவையின்ர பேஸ்மென்ற், நிலத்துக்குக் கீழ இருக்கிற வீட்டுக்குத்தான் காரை விட்டனான். அவளுக்கு இருந்து சொன்னதைத்தான் இதில எழுதுறன், புதுசா வாற மற்றாக்களுக்கும் உதவும்.

வேலைக்குத் தேவையான சின் நம்பர், பாங்க் எக்கவுண்ட், வைத்தியத்துக்கான ஓஹிப் காட் இதெல்லாம் எங்க எப்பிடி எடுக்கிறது எண்டு உங்களைக் கூப்பிட்ட ஆக்களே சொல்லுவினம், அதுக்குள்ள நான் போகேல்ல. கட்டில் கதைக்கு நேர வாறன்.

ஊரில கட்டில் எண்டா ஆசாரியாரைப் பிடிச்சு மரம் பாத்துச் செய்விக்கிற சாமான். அப்பா கலியாணத்துக்குச் செய்விச்ச பலாக் கட்டில் இண்டைக்கும் எங்கட வீட்டில கிடக்கு. 1995 யாழ்ப்பாணச் சண்டை இடப்பெயர்வு முடிஞ்சு திரும்பிப் போகேக்க வீட்டில கதவும் இல்லை யன்னலும் இல்லை, அந்தக் கட்டில் மட்டும் கிடந்தது, தூக்க ஏலாத பாரம், அதாலதான் மிஞ்சினது எண்டு அம்மா சொல்லுவா. அந்த நினைப்போட இஞ்சத்தைக் கடைக்குள்ள போகாதேங்கோ. பளபளவெண்டு நிக்கிற முக்கால்வாசிச் செற் மரத்தூளை அமத்தி மேல மரம்மாதிரிப் பேப்பர் ஒட்டினது. பேஸ்மென்ற் ஈரத்துக்கு ரெண்டு கோடை போக அடிப்பக்கம் ஊதிப்போடும்.

2018ல மனிசிக்கு விசா சரிவந்திட்டுது எண்டு தெரிஞ்ச உடன எனக்கு ஒரே ஆசை, அவள் வந்து இறங்கேக்க அறை வடிவா இருக்கவேணும், அவளின்ர தாய் தேப்பன் வீடியோவில பாக்கேக்க பிள்ளை நல்ல இடத்தில இருக்கிறாள் எண்டு அவைக்கு மனம் ஆறவேணும். மார்ச் 3, சனிக்கிழமை, ஒரு பெரிய கடைக்குப் போனனான். கட்டில், ரெண்டு சின்ன மேசை, கண்ணாடியோட லாச்சி அலுமாரி, மெத்தை எல்லாம் சேர்த்து 2,499 டொலர். ஊரில சாமானில ஒட்டிக் கிடக்கிற விலைதான் விலை, இஞ்ச அப்பிடி இல்லை, கறை பிடிச்சா மாத்தித் தாற பிளான் எண்டு 199, கொண்டுவந்து இறக்க 99, அதுக்கு மேல 13 வீத ஹெச்எஸ்ரி விற்பனை வரி, எல்லாமா 3,160 டொலரும் சில்லறையும். நிர்வாகச் செலவு எண்டு இன்னொரு 99 கையில வாங்கினவங்கள். மிச்சம் ஒரு வருசத்துக்குக் கட்டத் தேவையில்லை, வட்டியும் இல்லை, உங்கட கிறெடிட், அதாவது கடனை ஒழுங்காக் கட்டுறீங்கள் எண்ட பதிவு, அதுவும் வளரும் எண்டு விற்பனைக்கு நிண்ட பொடியன் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவன்.

எங்களுக்கு லீசிங் தெரியாததே? ஊரில ஒரு தவணை பிந்தினா மோட்டச்சைக்கிள்ல ஒருத்தன் வந்து கேற்றில நிண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவான், அயலட்டைக்கும் கேக்கும், வெக்கத்திலயாவது கட்டிப்போடுவம். நகை ஈடு வைச்சாலும் எத்தினையாம் திகதி மீக்கவேணும் எண்டு துண்டில வடிவா எழுதிக் கிடக்கும். இஞ்ச உங்களை ஒருத்தரும் கூப்பிடமாட்டினம். அதை நான் அண்டைக்கு விளங்கேல்ல.

மாசாமாசம் கடிதம் வரும். முதல் பக்கத்தில பெரிய எழுத்தில, இந்த மாசம் கட்டவேண்டிய தொகை 0.00 எண்டு கிடக்கும். அதைப் பாத்திட்டு மடிச்சு வைச்சிடுவன். ரெண்டாம் பக்கத்தில அடியில, எறும்பு ஊந்தமாதிரி எழுத்தில ஒரு வரி, சலுகை முடியிற திகதியும் அதுவரைக்கும் சேந்து கிடக்கிற வட்டியும். ஓம், வட்டி முதல் நாளில இருந்தே ஓடிக்கொண்டுதான் இருக்கு, 29.9 வீதம். அந்தத் திகதிக்கு முந்தி முழுக் காசும் கட்டினா அந்த வட்டியை அழிப்பாங்கள். ஒரு நாள் பிந்தினாலும், ஒரு டொலர் மிச்சம் கிடந்தாலும், முழு வருச வட்டியும் ஒரேயடியா உங்கட தலையில.

நான் காசு இல்லாமல் பிந்தினவன் இல்லை, அதுதான் இண்டைக்கும் வயித்தெரிச்சல். ரெண்டு வேலை செய்து, 3,200 டொலர் பாங்கில தனியாச் சேர்த்து வைச்சிருந்தனான். சாமான் வீட்டுக்கு வந்து இறங்கினது மார்ச் 24, கட்டில் வந்த நாளில இருந்துதானே வருசம் எண்டு நான் நினைச்சன். அடுத்த வருசம் மார்ச் 15, வெள்ளிக்கிழமை, கையில கிடந்ததை முழுக்கக் கட்டினனான், இன்னும் ஒம்பது நாள் இருக்கு எண்டு ஒரு நிம்மதி. ஆனா அவங்கட கணக்கு கையெழுத்து வைச்ச நாளில இருந்து, மார்ச் 3. பன்னிரண்டு நாள் பிந்தினதுக்கு 976 டொலர்! கடைக்கு அடிச்சா, காசு விசயம் எங்களுக்குத் தெரியாது பைனான்ஸ் கொம்பனியோட கதையுங்கோ எண்டினம், பைனான்ஸ் கொம்பனிக்கு அடிச்சா ஒரு பிள்ளை நல்ல மரியாதையாக் கதைச்சு, நீங்கள் கையெழுத்து வைச்ச பேப்பரில இருக்கு சேர் எண்டு சொல்லிச்சுது. ஒரு சதமும் குறைக்கேல்ல. அந்தக் காசுக்கு மனிசியின்ர தேப்பனுக்குக் கண் ஒப்பரேசனுக்கு அனுப்புறன் எண்டு சொல்லி வைச்சிருந்தனான், ரெண்டு மாசம் பிந்தித்தான் அனுப்பினது. மாமா ஒண்டும் கேக்கேல்ல, அதுதான் இன்னும் சுட்டது.

இன்னொண்டையும் விளங்கிக்கொள்ளுங்கோ. வீட்டுக் கதவைத் தட்டி வந்து வித்தவனோட செய்த ஒப்பந்தம் எண்டா 10 நாளுக்குள்ள வேண்டாம் எண்டு சொல்ல ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தில இடம் இருக்கு. நீங்களாக் கடைக்குள்ள போய்க் கையெழுத்து வைச்சா அது பொருந்தாது, கடைக்காரன் தன்ர விருப்பத்தில திருப்பி எடுத்தாத்தான். கிறெடிட் வளரவேணும் எண்டா பாங்கில 500 டொலரைப் பிணையா வைச்சு ஒரு செக்கியூர்ட் கிறெடிட் காட் எடுத்து, மாசம் சாப்பாட்டுச் சாமானுக்குப் பாவிச்சு முழுக்கக் கட்டுங்கோ, அது காணும். ஏற்கனவே கையெழுத்து வைச்சிட்டீங்கள் எண்டா இண்டைக்கே அந்தப் பேப்பரை எடுத்து முடியிற திகதியைப் பாருங்கோ, அதுக்கு ஒரு மாசம் முந்தின திகதியைப் போனில போடுங்கோ, மனிசியின்ர போனிலயும் போடுங்கோ.

சரி, அப்ப எப்பிடி வாங்கிறது? மெத்தை மட்டும் புதுசு. பழைய மெத்தை ஆர் சும்மா தந்தாலும் வேண்டாம், குப்பை எடுக்கிற நாளில றோட்டுக் கரையில நல்ல மெத்தை கிடக்கும், கிட்டப் போகாதேங்கோ, மூட்டைப்பூச்சி வந்திட்டா நீங்கள் மட்டுமில்ல மேல இருக்கிற வீட்டுக்காரரும் நித்திரை கொள்ளமாட்டினம். பழைய மரச் சாமான் வாங்கலாம், ஆனா போன் லைற்றை அடிச்சு ஆணி ஓட்டை, மூலை, லாச்சிக்கு அடிப்பக்கம் எல்லாம் பாக்கவேணும். கறுப்புப் புள்ளி புள்ளியாக் கிடந்தா விடுங்கோ, வளந்த பூச்சி அப்பிள் விதை அளவுதான் இருக்கும்.

அளவு: டபிள் 54க்கு 75 அங்குலம், குயின் 60க்கு 80, கிங் 76க்கு 80. வாங்க முந்தி அறையை மட்டும் அளக்கக்கூடாது, பேஸ்மென்ற் படி திரும்புற இடத்தையும் அளக்கவேணும். மெத்தைக்கு அடியில வைக்கிற குயின் பொக்ஸ் ஸ்பிறிங் பெட்டி வளையாது, எங்கட தெருவில ஒரு குடும்பம் அதை இறக்க ஏலாமல் ஒரு இரவு முழுக்கக் கராஜில வைச்சிருந்தவை. சுருட்டிப் பெட்டியில வாற மெத்தையும் இரும்புச் சட்டக் கட்டிலும் எண்டா அந்தப் பிரச்சினையே இல்லை. மெத்தையை நேர சீமெந்து நிலத்தில போட்டுப் படுக்காதேங்கோ, அடியில பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரில இருந்தும் கொஞ்சம் தள்ளி வையுங்கோ, ஹீற்றர் காத்து வாற ஓட்டையை மறைக்காதேங்கோ.

மிச்சத்துக்கு மாசக் கடைசி பாத்து இருங்கோ, ஆக்கள் வீடு மாறுற நேரம் கிஜிஜி எண்ட விளம்பரத் தளத்திலயும் பேஸ்புக் மார்க்கெற்பிளேஸிலயும் நல்ல சாமான் மலிவா வரும். சாமானைக் கண்ணால காண முந்தி ஈ-ட்ரான்ஸ்பரில காசு அனுப்பாதேங்கோ, ஆர் அந்தரப்படுத்தினாலும். அகதியா வந்து கையில ஒண்டும் இல்லாதாக்கள், உங்களுக்கு உதவி செய்யிற அமைப்பிட்ட பேர்னிச்சர் பாங்க் எண்டு கேளுங்கோ, வசதி இல்லாதாக்களுக்குப் பாவிச்ச வீட்டுச் சாமான் குடுக்கிற இடம், 1998ல இருந்து ரொறன்ரோவில நடக்குது, அமைப்பு எழுதித் தந்தாப் போகலாம். கேக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ.

லாச்சி அலுமாரியைச் சுவரோட இறுக்கவேணும், இது கட்டாயம். 2016ல இக்கியாக் கொம்பனி, மால்ம் எண்ட மாடல் உட்படப் பல லாச்சி அலுமாரியளைக் கனடாவிலயும் அமெரிக்காவிலயும் திருப்பி எடுத்தது, இறுக்காமல் விட்டுச் சாஞ்சு பிள்ளையள் செத்ததால. அந்தக் காலத்துச் சாமான் இப்பவும் கைமாறிக்கொண்டு இருக்கு.

மருமகள் கையெழுத்து வைக்கேல்ல. குயின் மெத்தை, இரும்புச் சட்டம், தலகணி, விரிப்பு, லாச்சி அலுமாரி, வான் வாடகை எல்லாம் சேர்த்து 650 டொலர் சொச்சம் முடிஞ்சுது. அதுக்குள்ள லாச்சி அலுமாரிக்கு 60 டொலர்தான், பக்கத்தில மார்க்கம் எண்ட ஊரில ஒரு வயசான சோடி கொண்டோ அடுக்குமாடிக்கு மாறுகினம், அவையிட்ட வாங்கினது. அந்த ஐயா ஒவ்வொரு லாச்சியா இழுத்துக் காட்டினவர், மூலையில மரம் மரத்துக்குள்ள விரல் கோத்தமாதிரிப் பூட்டிக் கிடந்தது, ஒரு ஆணி இல்லை, எங்கட ஆசாரியார் பூட்டின அதே பூட்டு. நான் கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டு நிண்டனான். கழட்டின கைபிடியளின்ர திருகாணியை ஒரு பையில போட்டு, எது எதுக்கு எண்டு எழுதித் தந்தவர். லாச்சியைத் திறக்கேக்க அம்மம்மா வீட்டு அலுமாரி மணம் வருது எண்டு பிள்ளை சொல்லுறாள். சுவரோட இறுக்கிற வேலை மட்டும் மிச்சம், வாற சனிக்கிழமை ட்றில்லைக் கொண்டுபோகவேணும்.