மகேந்திரகிரி உந்தும வளாகம் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையைப் பிழை நீக்கித் தொகுப்பது எப்படி

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் திரவ எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன என்பது பலரும் அறிந்த செய்திதான். ஆனால் அந்த வளாகத்தைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றைத் திருத்த உட்கார்ந்தால், தெரிந்தது எவ்வளவு குறைவு என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். இத்தகைய கட்டுரைகளை ஒருவரே இருந்து எழுதி முடிப்பதில்லை. ஒவ்வொரு சோதனையின்போதும் நாளிதழில் வந்த துணுக்கை யாரோ ஒருவர் கொண்டுவந்து ஒட்ட, அவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கட்டுரையாகின்றன. ஒவ்வொரு வரியும் மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும்; பிழை பெரும்பாலும் ஒரே வரிக்குள் இரண்டு மூன்று உண்மைகளைப் பிணைத்த இடத்தில்தான் இருக்கும்.

எனவே முதலில் ‘தொகு’ பொத்தானைத் தொட வேண்டாம். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தையும் உரையாடல் பக்கத்தையும் படியுங்கள். நீங்கள் மாற்ற நினைக்கும் சொல்லை முன்பே ஒருவர் மாற்றியிருக்கலாம், தக்க காரணத்தோடு அது மீளமைக்கப்பட்டும் இருக்கலாம். பிறகு ஐயத்துக்குரிய பத்தியை உங்கள் மணல்தொட்டிக்கு (பயனரின் சோதனைப் பக்கம்) கொண்டுபோய், வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, கட்டுரையில் இப்படியொரு வரி இருப்பதாகக் கொள்வோம்: “இந்தியாவின் முதல் கிரையோஜெனிக் எஞ்சின் மகேந்திரகிரி இஸ்ரோ உந்தும வளாகத்தில் உருவாக்கப்பட்டு 2014ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்டது.” (மிகக் குளிர்ந்த நிலையில் திரவமாக்கப்பட்ட வாயுக்களை எரித்து இயங்குவது கிரையோஜெனிக் எஞ்சின்.) படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள் நான்கு கூற்றுகள் இருக்கின்றன, நான்குமே தடுமாறுகின்றன.

‘முதல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 2001 ஏப்ரல் 18 அன்று முதன்முதலாகப் பறந்த ஜிஎஸ்எல்வி ராக்கெட்டின் மேல்நிலையும் (ஒன்றன்பின் ஒன்றாக எரியும் அடுக்குகளான ‘நிலை’களில் மேலே உள்ளது) கிரையோஜெனிக்தான். ஆனால் அது ரஷ்யாவிடமிருந்து பெறப்பட்டது. உள்நாட்டு கிரையோஜெனிக் நிலையைச் சுமந்து ஜிஎஸ்எல்வி-டி3 பறந்தது 2010 ஏப்ரல் 15 அன்று. அந்தப் பயணம் தோல்வியில் முடிந்தது. 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 பெற்றது உள்நாட்டு நிலையின் முதல் வெற்றி. முதல் பறத்தல், உள்நாட்டு எஞ்சினின் முதல் பறத்தல், அதன் முதல் வெற்றி ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை என்பதால், எது முதல் என்று சொல்லாமல் ‘முதல்’ என்று எழுதவே கூடாது.

அடுத்தது ‘உருவாக்கப்பட்டு’. எஞ்சினை வடிவமைத்து உருவாக்கும் பொறுப்பு, எல்பிஎஸ்சி எனப்படும் திரவ உந்து அமைப்புகள் மையத்துடையது. அதன் தலைமையிடம் திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் இருக்கிறது. மகேந்திரகிரியின் பணி, எஞ்சின்களையும் நிலைகளையும் ஒருங்கிணைப்பதும் சோதிப்பதுமே. இது சிறிய பணி என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. ஆனாலும் ‘உருவாக்கியது’ என்று எழுதினால் வேறொரு மையத்தின் பணியைத் தூக்கி இங்கே வைத்ததாகிவிடும்.

மூன்றாவது, பெயர். இதுதான் பலரும் கவனிக்காத இடம். மகேந்திரகிரி வளாகம் எல்பிஎஸ்சியிலிருந்து பிரிக்கப்பட்டு, ‘இஸ்ரோ உந்தும வளாகம்’ (ஐபிஆர்சி) என்ற தனி மையமானது 2014 பிப்ரவரி 1 முதல்தான். டி5 பறந்ததோ அதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் முன்னதாக. அப்படியிருக்க, டி5இன் எஞ்சினை ஐபிஆர்சி சோதித்தது என்று எழுதுவது, குழந்தை பிறப்பதற்கு முன்பே அதன் பெயரில் பட்டா எழுதுவதைப் போன்றது. தமிழ் நாளிதழ்கள் வளாகத்தைத் ‘திரவ இயக்கத் திட்ட மையம்’ என்ற பழக்கமான பெயரால் இன்றும் குறிப்பிடுவதுண்டு. அந்தப் பெயரைக் கட்டுரையில் பேச்சுவழக்குப் பெயராகக் குறிப்பிடலாம், தலைப்பாக வைக்கலாகாது.

நான்காவது, ‘ஏவப்பட்டது’ என்ற முடிவு. ஏவுதல் நடந்தது ஸ்ரீஹரிகோட்டாவில். மகேந்திரகிரியில் ராக்கெட் எதுவும் ஏவப்படுவதில்லை. வரியின் அமைப்பு இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் கருத்தில்கொண்டு திருத்தினால் வரி இவ்வாறு அமையும்: “உள்நாட்டில் உருவாக்கப்பட்ட கிரையோஜெனிக் மேல்நிலையைக் கொண்ட ஜிஎஸ்எல்வி-டி5, 2014 ஜனவரி 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெற்றிகரமாக ஏவப்பட்டது, அந்நிலையின் எஞ்சின், அப்போது எல்பிஎஸ்சியின் கீழிருந்த மகேந்திரகிரி வளாகத்தில் சோதிக்கப்பட்டது.” வரி சற்று நீண்டுவிட்டது, பரவாயில்லை.

எண்களில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. எல்விஎம்3 ராக்கெட்டின் எல்110 நிலையின் உந்துவிசை 110 டன் என்று நானே ஒருமுறை எழுதிவிட்டு, இன்னொரு பயனர் அதை மீளமைத்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். அந்த 110 என்பது, அந்நிலை சுமக்கும் உந்துபொருளின் எடையைக் குறிப்பது. அதிலுள்ள இரண்டு விகாஸ் எஞ்சின்கள் தரும் உந்துவிசையை அது குறிப்பதில்லை. ஆனால் அதே ராக்கெட்டின் மேல்நிலையில் உள்ள சிஇ-20 எஞ்சினின் பெயரிலுள்ள 20 உந்துவிசையைத்தான் குறிக்கிறது. ‘உந்துவிசை’, ‘உந்துபொருள்’, ‘எரிபொருள்’ ஆகிய மூன்றையும் செய்திகள் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவதால் இந்தக் குழப்பம் பெருகுகிறது. எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் (அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் பொருள்) சேர்ந்ததே உந்துபொருள் என்பதால், எடையைச் சொல்லும் இடத்தில் ‘110 டன் எரிபொருள்’ என்பதும் பிழையே.

உந்துவிசையைக் குறிப்பிடும்போது, அது வழக்கமான இயக்கத்துக்குரியதா, சோதனையில் எட்டிய உச்சமா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 9 அன்று சிஇ-20 எஞ்சின், மேம்படுத்தப்பட்ட நிலையில் 21.8 டன் உந்துவிசையுடன் சோதிக்கப்பட்டது. இந்த எண்ணை எடுத்துத் தகவற்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்க அட்டவணை) எஞ்சினின் உந்துவிசை என்று போட்டுவிட்டால், அதற்கு முன் பறந்த எல்லா எஞ்சின்களுக்கும் அது பொருந்துவதாக ஆகிவிடும். இத்தகைய எண் சோதனைகளைப் பற்றிய பத்தியில், நாளோடு சேர்ந்து இருக்க வேண்டியது.

அண்மைச் செய்திகளில் இன்னொரு வகைப் பிழை நேரும். 2024 பிப்ரவரி 27 அன்று பிரதமர், மகேந்திரகிரியின் செமி-கிரையோஜெனிக் (குளிர்ந்த திரவ ஆக்சிஜனோடு மண்ணெண்ணெயை எரிக்கும்) எஞ்சின் மற்றும் நிலை சோதனை நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆனால் அந்த நிகழ்ச்சி நடந்த இடம் திருவனந்தபுரம். மறுநாள், தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் அமையும் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்தடுத்த நாளில் வந்த இவ்விரண்டு செய்திகளையும் கலந்து, மகேந்திரகிரியில் புதிய ஏவுதளம் என்று எழுத வாய்ப்பிருக்கிறது. அதேபோல, 2025 மார்ச் 28 அன்று நடந்த 2.5 விநாடி செமி-கிரையோஜெனிக் சோதனையில் இயக்கப்பட்டது, உந்துவிசை அறை பொருத்தப்படாத சோதனை அமைப்பு. ‘முழு எஞ்சின் சோதிக்கப்பட்டது’ என்று தலைப்பை மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள்.

சான்றுகளைப் பொறுத்தவரை, நாள், கால அளவு, உந்துவிசை ஆகியவற்றுக்கு இஸ்ரோவின் அறிக்கைகளும் விண்வெளித் துறையின் ஆண்டறிக்கையும் போதும். ஆனால் ‘உலகத்தரம் வாய்ந்த’, ‘மைல்கல்’ போன்ற பாராட்டுகளை நிறுவனத்தின் சொந்த அறிக்கையிலிருந்து எடுத்துவரக் கூடாது. அவற்றுக்குச் சார்பற்ற சான்று வேண்டும், இல்லையேல் நீக்கிவிடலாம். அங்கே பணிபுரிந்த உறவினர் சொன்னது எவ்வளவு உண்மையாயினும், வெளியிடப்படாத தகவல் கட்டுரைக்கு உதவாது. நீங்களே அங்கு பணிபுரிபவரானால், நேரடியாகத் தொகுப்பதைவிட உரையாடல் பக்கத்தில் சான்றுடன் பரிந்துரைப்பதே முறை. நாளிதழின் வரி, கட்டுரையின் பழைய வரியோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தால், எது எதைப் பார்த்து எழுதியது என்று இரண்டும் வெளியான நாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது இணைப்புகள் அறுந்துபோவது வழக்கம் என்பதால், மேற்கோள் தரும் அன்றே காப்பகப் படியையும் சேர்த்துவிடுங்கள்.

‘தற்போது’, ‘சமீபத்தில்’, ‘விரைவில்’ என்ற சொற்களை எங்கு கண்டாலும் மாதமும் ஆண்டுமாக மாற்றுங்கள். இயக்குநரின் பெயருக்கும் இதுவே பொருந்தும்.

திருத்தங்களை ஒரே மூச்சில் சேமிக்காமல், ஒரு கூற்றுக்கு ஒரு தொகுப்பாகச் சேமித்து, ‘ஐபிஆர்சி 2014 பிப்ரவரிக்குப் பிறகே தனி மையம், ஆண்டறிக்கைச் சான்று சேர்ப்பு’ என்பதுபோலத் தொகுப்புச் சுருக்கம் எழுதினால், உடன்படாதவர் அந்த ஒன்றை மட்டும் விவாதிக்க முடியும். இறுதியாக நிலப்படத்தைத் திறந்து குறியீடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்: ஒடிசாவிலும் ஒரு மகேந்திரகிரி மலை உண்டு. குறியீடு அங்கே போய் நின்றால், ஆயத்தொலைவுகள் விக்கித்தரவிலிருந்து (விக்கிப்பீடியாவுக்குத் தரவு தரும் துணைத் தளம்) வருகின்றனவா என்று பார்த்து, அப்படியானால் அங்கேயே திருத்த வேண்டும்.