தாழியும் ஒரு நாழி நெல்லும்: பிள்ளைகளை வைத்துக் காட்சி அமைப்பது எப்படி?

பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ சின்னதாக ஒரு அருங்காட்சி மூலை வைக்கப் போகிறீர்களா? எட்டு, பத்துப் பிள்ளைகள் போதும். பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு, பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர் பற்றி நாங்கள் அமைத்ததை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை, எதை அவர்கள் முடிவு செய்யலாம் என்று பச்சையாகச் சொல்லிவிடுவது. பெயின்ட் அடிக்கவும் பெஞ்சு தூக்கவும் மட்டும் கூப்பிட்டால் இரண்டாம் நாள் ஆள் வராது. செலவு எங்கள் கையில். எந்தப் பொருள், என்ன வாசகம் என்பது அவர்கள் கையில்.

அடுத்து, இடத்துக்கே கூட்டிப் போங்கள். ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்துக்குக் கீழே, தோண்டிய குழியிலேயே தாழிகள், அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானைகள், இருக்கின்றன. அங்கே நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. வெள்ளைக்காரர் காலத்துத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டிய கதையெல்லாம் அப்புறம். ஆளுக்கு மூன்று கேள்வி எழுதி வாங்குங்கள். "தாழிக்குள்ள எதுக்கு சார் சாமான் வச்சாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று சொன்னேன். அவ்வளவுதான், காட்சியே நெல்லைச் சுற்றி அமைந்துவிட்டது: குயவரிடம் வாங்கிய பானை, பக்கத்தில் கையை விட்டு அளைய ஒரு நாழி நெல்.

வாசகம் எழுதும்போதுதான் நம் கை அரிக்கும். என் வாசகம்: "ஈமச்சடங்கில் பயன்படுத்தப்பட்ட முதுமக்கள் தாழி." அவளுடையது: "போகிற வழியில் பசிக்குமே என்று நெல் வைத்தார்களோ?" முதல் வருடம் இப்படி வந்ததையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி வைத்தேன். "அப்ப நீங்களே எழுதியிருக்கலாமே சார்" என்றான் ஒருவன். இப்போது திருத்துவதில்லை; ஆதாரம் உள்ளதைக் கறுப்பு மையிலும் ஊகத்தைப் பச்சை மையிலும் எழுதச் சொல்கிறேன். எது எந்த மை என்று அவர்களுக்குள் நடக்கும் சண்டையில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சரி, உடனே பிரின்ட் போட ஓடாதீர்கள். பழைய காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டி, ஐந்தாம் வகுப்புப் பொடிசுகளை உள்ளே விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். எங்கள் அட்டைகளை அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரு அடி இறக்கினோம்.

நெல்லை மட்டும் வாரம் ஒருமுறை வெயிலில் காயப்போடுங்கள், வண்டு வைத்துவிடும்.