பள்ளி ஆசிரியர்களுக்கான ஒரு நாள் பயிலரங்கைத் திட்டமிடுவது எப்படி?

பள்ளி அளவில் ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்துவதென்று முடிவானவுடன், கருத்தாளராக, அதாவது பயிற்சியை நடத்தித்தருபவராக, யாரை அழைக்கலாம் என்ற பேச்சே முதலில் எழுகிறது. அந்தப் பேச்சை இரண்டு வாரங்களுக்குத் தள்ளிவைத்துவிட்டு, நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களின் கணக்கு நோட்டுகளை வாங்கி மேசைமேல் அடுக்குமாறு தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பயிலரங்கின் தலைப்பு அந்த நோட்டுகளுக்குள்தான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 376 என்று எழுதியிருப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிடுவதால் வரும் விடை அது. வேறு சிலர் 234 என்று எழுதியிருப்பார்கள். இவர்களுக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. ஆனால், நூறு ஒன்று பத்துப் பத்துகளாகப் பிரிந்து, அவற்றில் ஒரு பத்து ஒன்றுகளின் இடத்துக்குப் போய்விட்டால், பத்துகளின் இடத்தில் ஒன்பதுதான் மிஞ்சும் என்பது பிடிபடவில்லை. சரியான விடை 224. இரண்டு விடைகள்மேலும் ஒரே சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுகிறது. அவற்றைச் சரிசெய்யத் தேவையான கற்பித்தலோ வேறு வேறு. இந்த வேறுபாட்டை நோட்டைப் பார்த்தவுடனேயே இனங்காண ஆசிரியர்களைப் பழக்குவது ஒரு முழு நாளுக்குப் போதுமான வேலை.

ஆகவே நோக்கத்தை ஒரே வாக்கியத்தில், அளந்து பார்க்கக்கூடியதாக எழுதிக்கொள்ள வேண்டும். ‘கணிதக் கற்பித்தலை மேம்படுத்துதல்’ என்று எழுதினால் எதையும் பேசலாம், எதையும் பேசாமலும் முடித்துவிடலாம். ‘நடுவில் பூச்சியம் வரும் மூன்றிலக்க எண்களின் கழித்தலில் மாணவர் செய்யும் தவறுகளை வகைப்படுத்தவும், ஒவ்வொரு வகைக்கும் ஒரு பிரிவேளைப் பாடத்தைத் திட்டமிடவும் ஆசிரியரால் முடிய வேண்டும்’ என்று எழுதினால், எதை விட வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும். இந்திய அரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பணித்திறன் வளர்ச்சிப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. மணிக்கணக்கை நிரப்புவது எளிது. ஆறு மணி நேரத்தில் ஒரே ஒரு இடர்ப்பாட்டையாவது தீர்க்கும் வழியோடு ஆசிரியரை வகுப்புக்கு அனுப்புவதுதான் கடினம் என்பது என் அனுபவம்.

நாள் குறிப்பதில் அவசரம் கூடாது. கல்வி உரிமைச் சட்டம், 2009 ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலை நாள்களையும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாள்களையும் குறைந்தபட்சமாக வரையறுத்திருப்பதால், பிள்ளைகளின் கற்றல் நாளைப் பயிற்சிக்காக எடுப்பதற்குமுன் பள்ளி நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடுவதால், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று பொருத்தமாக இருக்கும். தேர்வுக்குமுன் கற்றதைச் செய்துபார்க்க ஆறு வாரங்களாவது கிடைக்கும். வெளியூர்ப் பேருந்தை நம்பி வரும் ஆசிரியர்கள் இருப்பின், நான்கு மணிக்கு முடியும் என்று அறிவித்து, நான்கு மணிக்கே முடித்துவிட வேண்டும்.

இப்போது கருத்தாளரைத் தேடலாம். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர்களும் இப்பணிக்கென்றே இருப்பவர்கள். இருப்பினும், பக்கத்து ஊர்ப் பள்ளியில் இன்றும் நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியரை அவர்களோடு சேர்த்து அழைப்பதையே நான் விரும்புவேன். ‘நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா?’ என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைத்தான் மற்ற ஆசிரியர்கள் நம்புவார்கள். யாரை அழைத்தாலும், பெயர்களை மறைத்து நகலெடுத்த நோட்டுப் பக்கங்களை ஒரு வாரம் முன்னதாகவே அவருக்கு அனுப்பிவிடுங்கள். அவற்றைப் பாராமல் வருபவர் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும் உரையைத்தான் கொண்டுவருவார்.

கலந்துகொள்வோர் இருபத்தைந்து பேருக்கு மேற்படாமல், ஐவர் ஐவராகக் குழுக்களாக அமர்வது நல்லது. பெஞ்சுகளை முதல் நாள் மாலையே திருப்பிப் போட்டுவிட வேண்டும். தேவையான பொருள்களும் அன்றே தயாராக இருக்க வேண்டும். 402 என்ற எண்ணைக் கையால் பிரித்துக் காட்ட ஒரு குழுவுக்கு 402 ஈர்க்குக் குச்சித் துண்டுகள் வேண்டும். ஐந்து குழுக்களுக்கு 2010. பத்துப் பத்தாகக் கட்டி, அந்தப் பத்துக் கட்டுகளையும் சேர்த்து நூறாகக் கட்டுவதற்கு நூறு ஒன்றுக்குப் பதினொரு ரப்பர் பேண்டு வீதம் ஒரு குழுவுக்கு 44, மொத்தம் 220 தேவைப்படும். இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு படத்தைத் திரையில் காட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. நூறுகட்டின் ரப்பர் பேண்டை விரலால் கழற்றும்போதுதான், பத்துப் பத்துகள் மேசையில் விழுவதும், அவற்றில் ஒன்றைப் பிரித்தபின் ஒன்பது கட்டுகள் மிஞ்சி நிற்பதும் கண்ணுக்குத் தெரிகின்றன. மின்சாரம் போனாலும் இந்த அமர்வு நிற்காது.

ஒன்பதரைக்குத் தொடங்கினால் வரவேற்பைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, நேராக நோட்டுப் பக்கங்களைக் குழுக்களிடம் கொடுத்துவிடலாம். ‘இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியிருக்கும்?’ என்பதே முதல் அமர்வின் ஒரே கேள்வி. இங்கே தலைமையாசிரியர் பேசாமலிருப்பது மிகவும் முக்கியம். அவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், அதற்குமேல் இளம் ஆசிரியர்கள் வாய் திறக்கமாட்டார்கள். எந்த வகுப்பின் நோட்டு அது என்பதைச் சொல்லவும் கூடாது. யாருடைய வகுப்பு என்ற ஆராய்ச்சி தொடங்கினால் வெட்கமும் தற்காப்பும் வந்து, கற்றல் போய்விடும். தேநீருக்குப்பின் குச்சிக்கட்டுகளைக் கொண்டு செய்துபார்த்தலும், மதிய உணவுக்குமுன் இருபது நிமிட மாதிரிப் பாடம் ஒன்றைக் குழுவாக எழுதுதலும் நடக்கட்டும்.

பிற்பகலில், பெற்றோரின் ஒப்புதலோடு ஐந்தாறு பிள்ளைகளை வரவழைத்து, எழுதிய பாடங்களில் ஒன்றை அவர்களுக்கே நடத்திப் பார்ப்பது நான் விடாமல் கடைப்பிடிக்கும் வழக்கம். ஜப்பானியப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் பாட ஆய்வு முறையும் இத்தகையதே: ஆசிரியர்கள் கூடித் திட்டமிட்ட பாடத்தை ஒருவர் நடத்த, மற்றவர்கள் நடத்துபவரைக் குறித்துக்கொள்ளாமல், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்புகளைக்கொண்டு பாடத்தைத் திருத்தி எழுதுவதோடு நாள் முடியலாம். வந்த பிள்ளைகளுக்கும் மதிய உணவு ஏற்பாடு செய்ய மறக்க வேண்டாம்.

ஆசிரியரல்லாத பணியாளர்களை இந்த நாளில் பின்வரிசையில் உட்காரவைப்பது அவர்களுடைய நேரத்தை மதிக்காத செயல். சத்துணவு அமைப்பாளர், சமையலர், காலை உணவு சமைக்கும் மகளிர் சுய உதவிக்குழுவினர், தூய்மைப் பணியாளர், அலுவலக உதவியாளர், காவலர் ஆகியோருக்கு அவர்கள் வேலைக்கேற்ற பயிற்சி தனியே வேண்டும். வேலை நாளொன்றில் மதிய உணவு பரிமாறி முடிந்தபின் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால், சனிக்கிழமைக் கூலியை அவர்கள் இழக்க நேராது. எரிவாயு உருளையை மூடுதல், தீயணைப்பானை இயக்குதல், பிள்ளைகளை எந்த வாசல் வழியே வெளியேற்றுவது ஆகியவற்றைச் சொல்லிக் காட்டுவதோடு நில்லாமல், ஒவ்வொருவரும் செய்துபார்க்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பறித்த நாட்டில், இதைச் சடங்காக நடத்த எவருக்கும் மனம் வரக்கூடாது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம் என்பதையும், 1098 என்ற உதவி எண்ணையும், ஆசிரியர் முதல் காவலர் வரை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் சில வேளைகளில் ஆசிரியரிடம் சொல்லாததை ஆயாவிடம் சொல்வார்கள்.

பல ஆண்டுகளுக்குமுன் நான் பொறுப்பேற்று நடத்திய பயிலரங்கு ஒன்றில், பின்னூட்டப் படிவங்கள் அனைத்தும் ‘மிகவும் பயனுள்ளது’ என்றே வந்தன. இரண்டு மாதம் கழித்து வகுப்பறைகளுக்குச் சென்றபோது, நாங்கள் கொடுத்த பயிற்சிக் கட்டகங்கள் (கையேடுகள்) அலமாரியில் பிரிக்கப்படாமலே கிடந்தன. பயிற்சியின் பயனை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளை முன்வைத்தார்: பங்கேற்றவரின் மனநிறைவு, அவர் கற்றது, பணியில் அவர் மாற்றிக்கொண்டது, அதனால் விளைந்த பயன். நான் அளந்தது முதல் படியை மட்டுமே என்பது அன்றுதான் விளங்கியது.

அதன்பின் பயிலரங்கு அழைப்பிதழிலேயே மூன்று தேதிகளைக் குறிப்பிடத் தொடங்கினேன். முதலாவது, பயிலரங்கு நாள். இரண்டாவது, அதற்குப் பத்து நாளுக்குள் ஆசிரியர்கள் இருவர் இருவராக ஒருவர் வகுப்பை மற்றவர் ஒரு பிரிவேளை உட்கார்ந்து பார்க்கும் நாள். இதற்கு மாற்று ஆசிரியர் ஏற்பாட்டைத் தலைமையாசிரியர் கால அட்டவணையில் முன்கூட்டியே செய்துதர வேண்டும், இல்லையேல் இது நடக்காது. மூன்றாவது, ஆறாம் வாரத்தில் நோட்டுகளை மீண்டும் மேசைமேல் அடுக்கும் நாள். அன்று 402-ஐயும் 178-ஐயும் விட்டுவிட்டு, 503-இலிருந்து 267-ஐக் கழிப்பது போன்ற புதிய கணக்கு ஒன்றைக் கொடுத்து, 236 என்று எழுதியவர்கள், 364 என்று எழுதியவர்கள், 246 என்று எழுதியவர்கள் என மூன்று அடுக்குகளாகப் பிரித்து வையுங்கள். பின்னிரண்டு அடுக்குகளில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, அவர்களை யார், எந்தப் பிரிவேளையில், குச்சிக்கட்டுகளுடன் மறுபடி உட்காரவைப்பது என்பதை அன்றே முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.