நல்லூர், கீரிமலை, நயினாதீவு: விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணக் குடாநாடு சின்னது. நல்லூரிலிருந்து கீரிமலை ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். அதை நம்பி ஒரே நாளில் ஐந்து கோவில் என்று திட்டம் போட்டால், பாதியில் பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பெரும்பாலான கோவில்கள் மத்தியானப் பூசையோடு நடை சாத்தி, பின்னேரம் நாலு மணியளவில்தான் திறக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும்.

நல்லூர்க் கந்தசாமி கோவிலில் பூசை மணி பிசகாது. ஐந்து நிமிடம் பிந்தினால் தீபம் முடிந்திருக்கும். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், வேட்டியே நல்லது. கட்டிப் பழகாத பிள்ளைகளுக்கு இடுப்புப் பட்டி ஒன்றும் கொண்டு போங்கள். பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, அல்லது சால்வையோடு சுடிதார். உள்ளே படம் எடுக்க முடியாது.

திருவிழா 25 நாள். ஆடி அமாவாசையிலிருந்து எண்ணி ஆறாம் நாள் கொடியேறும், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். கனடா, ஐரோப்பாப் பள்ளி விடுமுறையும் அதே காலம் என்பதால் ரயில் இருக்கைகளும் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் இரவு பஸ்களும் வேளைக்கே நிரம்பிவிடும். கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் அப்போது வாகனமும் இல்லை, செருப்பும் இல்லை. நடக்கச் சிரமப்படும் அம்மா அப்பாவோடு போகிறவர்கள் தூரத்தில் நல்ல ஹோட்டல் எடுப்பதைவிடக் கோவிலடியில் ஒரு சாதாரண அறை எடுப்பது மேல். தேர் காலையிலேயே வெளிக்கிட்டுவிடும்; வெயில் ஏறிய பிறகு மணல் காலைச் சுடும்.

இப்போதைய கோவில் 1734இல் எழுந்தது. பழையதைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தார்கள். யாழ்ப்பாண அரசர் காலத்து நல்லூரைத் தேடுகிறவர்கள் முத்திரைச் சந்தியிலிருந்து பருத்தித்துறை வீதியால் நடந்தால் சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரி மனை, உள்ளே தள்ளி ‘ப’ வடிவ யமுனா ஏரி என எல்லாம் பக்கத்திலேயே வரும். மந்திரி மனைக் கட்டடம் அரசர் காலத்துக்குப் பிந்தியது, சிதைந்தும் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் போதும். யாழ்ப்பாணக் கோட்டையில் நிழல் கிடையாது. பொழுது சாயும் நேரம் போங்கள்.

கீரிமலையில் கடலோரமாக நன்னீர்க் கேணி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு மறைப்போடு தனியாக ஒன்று. படிகளில் பாசி வழுக்கும். பலர் குளிப்பதற்கு மட்டுமல்ல, பிதிர்க்கடன் செய்யவே போகிறார்கள். ஐயர் இறந்தவரின் பெயர், கோத்திரம், திதி கேட்பார். பிழை வருவது திதியில்தான். திதி சந்திரனின் நிலையை வைத்தது. உலகம் முழுவதும் ஒரே கணத்தில் மாறும், கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. ரொறன்ரோவில் கோடை காலத்து இரவு 8 மணிக்கு ஒருவர் இறந்தால் யாழ்ப்பாணத்தில் அது மறுநாள் காலை 5.30. ரொறன்ரோத் தேதியை அப்படியே யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் தேடினால் முதல் நாள் திதி வந்து நிற்கும். இறந்த நேரத்தை இலங்கை நேரமாக மாற்றி எழுதிக்கொண்டு போங்கள். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா, வீட்டில் எதைப் பார்ப்பது வழக்கம் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். இரண்டும் சில நாட்களில் ஒத்துவராது. ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்கு. அந்த நாட்களில் சனம் நெரியும். விடியமுன்னம் போய்ச் சேருவது நல்லது.

நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறை, அங்கிருந்து 20 நிமிடம் வரையில் படகு. காலையில் போங்கள், இறங்கியவுடனேயே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையில் கேளுங்கள். படகு அலையில் ஆடும்போது ஏறி இறங்குவதுதான் வயதானவர்களுக்குக் கஷ்டம். ஒருவர் முன்னால் இறங்கிக் கை கொடுக்க வேண்டும். அதே தீவில் நாகவிகாரை என்ற பௌத்த விகாரையும் இருப்பதால் போயா (பௌர்ணமி) நாட்களிலும் வார இறுதிகளிலும் தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர்களால் வரிசை நீளும். கிழமை நாளில் போனால் பூசை பார்த்து, அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டு ஆறுதலாகத் திரும்பலாம். நெடுந்தீவையும் அதே நாளில் சேர்க்க வேண்டாம்: அங்கே படகு ஒரு மணித்தியாலம், சேவைகளும் குறைவு, சோளகக் காற்றுக் காலத்தில் கடலும் கொந்தளிக்கும்.